நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை: நோயாளியும் உடனிருப்பவரும் ஆயத்தமாவது எப்படி?

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை என்று மருத்துவர் சொன்னதும், ஏதோ ஒரு பெரிய அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்றே பல குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. இதில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. இரத்தம் ஏற்றுவதைப் போலவே, இரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்களான ஸ்டெம் செல்கள் இரத்தக்குழாய் வழியாக உடலுக்குள் ஏற்றப்படுகின்றன. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. சிரமம் முழுவதும் அதற்கு முந்தைய ஒரு வாரத்திலும் பிந்தைய இரண்டு மூன்று வாரங்களிலும் இருக்கிறது. அந்த நாட்களை நல்லபடியாகக் கடப்பதற்கான ஏற்பாடுகளை, மருத்துவமனையில் சேர்வதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்காக இச்சிகிச்சைக்குச் செல்லவிருப்பவரும் அவரோடு இருக்கப்போகிறவரும் எதை எப்போது செய்ய வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். உங்கள் மருத்துவக் குழுவின் அறிவுரை இதிலிருந்து மாறுபட்டால் அவர்கள் சொல்வதையே பின்பற்றுங்கள். உங்கள் உடலின் விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

லிம்ஃபோமாவுக்குச் செய்யப்படும் மாற்றுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை நோயாளியின் சொந்த செல்களைக் கொண்டே செய்யப்படுகின்றன. இந்த வகையில், திருப்பி ஏற்றப்படும் செல்களுக்குப் புற்றுநோயோடு போரிடும் வேலை ஏதும் கிடையாது. நோயை அழிப்பது அதற்கு முன் கொடுக்கப்படும் மிக உயர்ந்த அளவு கீமோதெரபி மருந்துகள்தாம். அந்த அளவு மருந்து எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே அழித்துவிடும் என்பதால், முன்கூட்டியே எடுத்து உறைய வைத்த செல்களைத் திருப்பிக் கொடுத்து மஜ்ஜையை மீண்டும் முளைக்க வைக்கிறார்கள். விதைநெல்லைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பூச்சி பிடித்த வயலைத் தீயிட்டு, பிறகு அதே நெல்லை விதைப்பதோடு இதை ஒப்பிடலாம்.

இது விளங்கிவிட்டால் மருத்துவர்கள் எடுக்கும் பல முடிவுகளுக்குக் காரணம் தானாகவே தெரியவரும். சாதாரண அளவு மருந்துக்குச் சற்றும் இறங்காத நோய், உயர் அளவுக்கும் பெரும்பாலும் இறங்காது. ஆகவேதான் நோய் திரும்பி வந்த ஒருவருக்கு உடனே மாற்றுச் சிகிச்சை செய்யாமல், ஐஸ், டிஹெச்ஏபி, ஜிடிபி போன்ற மருந்துத் தொகுப்புகளில் ஒன்றை இரண்டு மூன்று சுற்று கொடுத்து, பெட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த ஸ்கேன் அறிக்கையில் டோவில் மதிப்பெண் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 1, 2, 3 ஆகியவை பொதுவாக நோய் நன்றாக அடங்கியிருப்பதைக் காட்டுகின்றன. இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தரக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லும் குறிப்புகளில் இதைவிட முக்கியமானவை குறைவு.

இந்தச் சிகிச்சைமுறைக்கு வலுவான ஆதாரம் 1995இல் வெளியான பார்மா ஆய்விலிருந்து கிடைத்தது. தீவிர வகை லிம்ஃபோமா திரும்பி வந்து, மருந்துக்கு மீண்டும் இறங்கிய 109 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்ததில், மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் 46 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தனர். வழக்கமான கீமோதெரபியை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 12 விழுக்காடே. ரிட்டக்சிமாப் என்ற லிம்ஃபோமா மருந்து வழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய எண்கள் இவை என்பதால், இன்றைய நோயாளி ஒருவர் இவற்றைத் தமக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை

லிம்ஃபோமா என்பது ஒரே நோயன்று. ஹாட்ஜ்கின் வகை முதல் சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்தால், மருந்துக்கு இறங்கியவர்களுக்குச் சொந்த செல் மாற்றுச் சிகிச்சை நெடுங்காலமாக நிலைபெற்ற வழி. பெரிய பி-செல் லிம்ஃபோமாவில் நிலைமை அண்மையில் மாறியிருக்கிறது. முதல் சிகிச்சை முடிந்து 12 மாதங்களுக்குள் நோய் திரும்பினாலோ முதல் சிகிச்சைக்கே அடங்காமல் போனாலோ, நோயாளியின் எதிர்ப்புச் செல்களைப் புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றியமைத்து ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை, மாற்றுச் சிகிச்சையைவிட மேலான பலன் தருவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியதை அடுத்து, 2022 முதல் அமெரிக்கா முதலான நாடுகளில் அது முதல் சிகிச்சைக்கு அடுத்த கட்டத்திலேயே அனுமதி பெற்றிருக்கிறது. ஓராண்டுக்குப் பிறகு திரும்பி வந்து, மருந்துக்கு நன்றாக இறங்கும் நோய்க்கு மாற்றுச் சிகிச்சையின் இடம் இன்னும் இருக்கிறது. மேன்டில் செல் வகையில், புதிய மாத்திரைகள் வந்த பிறகு எல்லோருக்கும் இது தேவையா என்ற கேள்வியை மருத்துவர்களே எழுப்பி வருகிறார்கள்.

ஆகவே, 'எனக்கு ஏன் இந்தச் சிகிச்சை, எனக்குப் பொருந்தக்கூடிய மற்ற வழிகள் எவை, அவை இங்கே கிடைக்குமா, இது செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். சொந்த செல்லா, கொடையாளர் செல்லா என்பதையும், உங்கள் மையத்தில் இந்தச் சிகிச்சையின் போதே உயிரிழக்கும் ஆபத்து எவ்வளவு என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். சொந்த செல் முறையில் அந்த ஆபத்து, அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்கு ஒரு சிலர் என்ற அளவில் இருக்கும். கொடையாளர் முறையில் அதைவிடக் கணிசமாக அதிகம். மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு, இன்னொருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அச்சத்தில் இருப்பவர் காதில் பாதிச் செய்தி விழாமலே போய்விடும்.

முன் ஏற்பாடுகள்

இதயத்தின் இறைக்கும் திறனை எக்கோ பரிசோதனையிலும், நுரையீரலின் கொள்ளளவையும் வாயுப் பரிமாற்றத் திறனையும் சுவாசப் பரிசோதனையிலும் அளப்பார்கள். சிறுநீரகம், கல்லீரல், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் நடக்கும். இவற்றில் எது குறையாக வந்தாலும் சிகிச்சை கைவிடப்படும் என்று பொருளில்லை. மருந்தின் வகையோ அளவோ மாற்றப்படலாம். ஹெபடைட்டிஸ் பி முன்பு எப்போதோ வந்து போயிருந்தால்கூடச் சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறையும் காலத்தில் அந்த வைரஸ் மீண்டும் தலைதூக்கும். அதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது.

பல் மருத்துவரைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல்லும் வீங்கிய ஈறும் சாதாரண நாட்களில் வலியோடு போய்விடும். வெள்ளணுக்களே இல்லாத நாட்களில் அவை இரத்தத்தில் கிருமி நுழையும் வாசலாகிவிடும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் காயம் ஆறுவதற்கு நேரம் வேண்டும் என்பதால் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைப்பேறு பற்றிய பேச்சைப் பல குடும்பங்கள் கூச்சத்தால் தவிர்க்கின்றன. பின்னால் அதற்காக வருந்துகின்றன. உயர் அளவு கீமோதெரபி கருவுறும் திறனை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும். விந்தணுவை உறைய வைப்பதற்கு ஓரிரு நாள் போதும். கருமுட்டையை எடுத்து உறைய வைப்பதற்கு இரண்டு வாரம் அளவில் ஆகும். திருமணமாகாத இளைஞரானாலும் பெண்ணானாலும், மருத்துவர் இதைப் பற்றி எடுக்காவிட்டால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். நோய் திரும்பியது தெரிந்த அன்றே, அடுத்த சுற்று மருந்து தொடங்கும் முன்பே பேசுவது சாலச் சிறந்தது.

உடனிருக்கப்போகிறவர் யார் என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் மூன்று நான்கு வாரங்களும் வீடு திரும்பிய பிறகு சில வாரங்களும், மருந்து நேரம் பார்க்கவும், காய்ச்சல் அளக்கவும், அவசரத்தில் அழைத்துச் செல்லவும் ஓர் ஆள் வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் அவர் படுத்துவிடுவார். முறை வைத்து மாற்றிக்கொள்ள இருவராவது இருந்தால் நல்லது.

செல்களைச் சேகரித்தல்

ஸ்டெம் செல்கள் இயல்பாக எலும்பு மஜ்ஜைக்குள் தங்கியிருப்பவை. ஜி-சிஎஸ்எஃப் எனப்படும் ஊசியைத் தோலுக்கடியில் சில நாட்கள் தொடர்ந்து போட்டால் அவை பெருகி இரத்தத்துக்குள் இறங்கி வருகின்றன. அந்த நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் மார்பெலும்பிலும் விண்ணென்று வலிக்கும். மஜ்ஜை வேலை செய்வதன் அடையாளம் அது. மருத்துவரைக் கேட்டு வலிமாத்திரை எடுத்துக்கொள்ளலாம். போதிய செல்கள் இறங்காவிட்டால் பிளெரிக்ஸாஃபோர் என்ற ஊசியையும் சேர்ப்பார்கள்.

பிறகு, அஃபெரிசிஸ் இயந்திரம் ஒரு குழாய் வழியாக இரத்தத்தை எடுத்து, ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை மறு குழாய் வழியாகத் திருப்பி அனுப்பும். ஓர் அமர்வுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். ஓரிரு நாள் தொடரலாம். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் சிட்ரேட், உடலின் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போவது போன்ற உணர்வு வரும். பொறுத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்; கால்சியம் கொடுத்ததும் அது சரியாகிவிடும்.

எத்தனை செல் கிடைத்தது என்பதை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை சிடி34 (ஸ்டெம் செல்லை அடையாளம் காட்டும் குறி) செல்கள் என்று கணக்கிடுகிறார்கள். கிலோவுக்கு 20 லட்சம் என்பது பொதுவாகக் குறைந்தபட்சம். 50 லட்சம் கிடைத்தால் மிக நன்று. பெண்டாமஸ்டின், ஃபுளூடரபின் போன்ற சில மருந்துகள் முன்பு கொடுக்கப்பட்டிருந்தால் சேகரிப்பு சிரமமாகலாம் என்பதால், இதுவரை எடுத்த எல்லா மருந்துகளின் பட்டியலையும் மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். சேகரித்த செல்கள் டிஎம்எஸ்ஓ என்ற காப்புத் திரவத்தோடு கலக்கப்பட்டு, திரவ நைட்ரஜன் கலத்தில் உறைநிலையில் காத்திருக்கும்.

உயர் அளவு மருந்தும் பூஜ்ய நாளும்

லிம்ஃபோமாவுக்கு மிகப் பரவலாகப் பயன்படும் தொகுப்பின் பெயர் பீம்: கார்முஸ்டின், எட்டோபோசைட், சைட்டரபின், மெல்ஃபலான் ஆகிய நான்கு மருந்துகள் ஏறத்தாழ ஆறு நாட்களில் கொடுக்கப்படும். நாட்களை இங்கே பின்னோக்கி எண்ணுவார்கள். கழித்தல் ஆறு, கழித்தல் ஐந்து என்று இறங்கி, செல்களை ஏற்றும் நாள் பூஜ்ய நாள். மருந்துகள் கையிலுள்ள சிறு இரத்தக்குழாயைப் புண்ணாக்கும் என்பதால் மார்பிலோ மேல்கையிலோ மையக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதைத் தொடும் எவரும் கை கழுவியிருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மெல்ஃபலான் ஏறும் நாளில் ஒரு சிறு காரியம் பெரிய துன்பத்தைக் குறைக்கும். மருந்து தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பிருந்து, முடிந்த பிறகும் சிறிது நேரம் வரை பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ச்சியால் வாயின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, அங்கே குறைவான மருந்தே போய்ச் சேர்கிறது. அதனால் வாய்ப்புண்ணின் கடுமை குறைகிறது. பல் கூசும், சலிப்பாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். ஒரு வாரம் கழித்து உமிழ்நீர் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அருமை தெரியும்.

பூஜ்ய நாளில் உறைந்த பைகளை வெதுவெதுப்பான நீரில் உருக்கி ஏற்றுவார்கள். டிஎம்எஸ்ஓ காரணமாக அறை முழுவதும் பூண்டு நெடி போன்ற வாடை ஓரிரு நாள் இருக்கும். நோயாளியைவிட அருகில் இருப்பவருக்கே அது அதிகம் தெரியும். தொண்டை கரகரப்பு, குமட்டல், சிறிது இரத்த அழுத்த மாற்றம் ஆகியவை வரலாம். சிறுநீர் சற்றுச் சிவந்தும் போகலாம். பூஜ்ய நாளைப் பெரிய நாளாக எதிர்பார்த்திருந்தவர்கள், 'இவ்வளவுதானா' என்று கேட்பது வழக்கம்.

கவுண்ட் இல்லாத நாட்கள்

ஏறக்குறைய நான்காம் ஐந்தாம் நாள் தொடங்கி வெள்ளணுக்கள் அடியோடு இறங்கிவிடும். வார்டில் எல்லோரும் 'கவுண்ட்' என்று பேசுவது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கையை. செல்கள் வழி கண்டுபிடித்து மஜ்ஜைக்குள் சென்று குடியேறி, புதிய அணுக்களை வெளியே அனுப்பப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை உடல் காவலில்லாத வீடு. இந்த நாட்களைப் பற்றித்தான் நான் மிக விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நோயாளியும் உடனிருப்பவரும் கவனமாக நடந்துகொள்வதால் விளைவு மாறக்கூடிய காலம் இதுவே.

காய்ச்சல் வராமல் இந்த நாட்களைக் கடப்பவர்கள் மிகச் சிலர். வெப்பமானியில் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் செவிலியரை அழையுங்கள். நோய்க்கிருமிக்கு எதிரான மருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும் என்பது விதி. யாரையும் கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளக் கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும், கிருமியை அசைக்காது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது இரத்தக் கசிவை உண்டாக்கும். ஆசனவாய் வழியாக வெப்பமானியோ மருந்தோ வைக்கக் கூடாது.

வாயும் குடலும் புண்ணாகும். மிக மென்மையான தூரிகையால் பல் துலக்கி, மருத்துவமனையில் சொல்லும் கரைசலால் ஒரு நாளைக்குப் பலமுறை கொப்பளிக்க வேண்டும். விழுங்க முடியாத வலி என்றால் வலி மருந்தைக் கேளுங்கள். மார்ஃபின் கொடுத்தால் பழகிவிடுமோ என்று அஞ்சி வலியைச் சகித்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. வயிற்றுப்போக்கு எத்தனை முறை என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். சாப்பிட முடியாத நாட்கள் வரும். அப்போது உணவைத் திணிப்பது உடனிருப்பவரின் அன்பாக இருக்கலாம், நோயாளிக்கு அது வதை. தேவைப்பட்டால் குழாய் வழியாகவே ஊட்டம் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு நாளும் குளிப்பதும், உடை மாற்றுவதும், முடிந்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்து சில அடி நடப்பதும் மருந்துக்கு இணையானவை. படுத்தே இருந்தால் நுரையீரலில் சளி தங்கும், தசை கரையும். சளியோ இருமலோ உள்ள உறவினர் எவ்வளவு நெருங்கியவரானாலும் உள்ளே வரக் கூடாது. இதைச் சொல்லும் பொறுப்பை உடனிருப்பவர் ஏற்றுக்கொண்டால் நோயாளிக்கு மனச்சங்கடம் இருக்காது. சிவப்பணுக்களும் தட்டணுக்களும் பலமுறை ஏற்றப்படும். அவை கதிர்வீச்சு செலுத்தப்பட்ட இரத்தமாக இருக்க வேண்டும். இல்லையேல் கொடுத்தவரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் அரிய, கொடிய விளைவு நேரலாம்.

நியூட்ரோஃபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நிலைத்தால் செல்கள் வேர்பிடித்துவிட்டன என்று பொருள். காய்ச்சல் விலகுவதும், வாய்ப்புண் ஆறுவதும் ஏறக்குறைய அதே நாட்களில் நடக்கும். தட்டணுக்கள் இன்னும் சில நாள் பிந்தி வரும்.

வீடு திரும்பிய பிறகு

கவுண்ட் ஏறிவிட்டது என்பதற்காக எதிர்ப்புச் சக்தி முழுவதும் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அக்கியைத் தடுக்கும் அசைக்ளோவிரையும், நுரையீரல் தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோலையும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். உடல் தேறிவிட்டது என்று இடையில் நிறுத்திவிடுபவர்கள் பலர். வெப்பமானி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பது சுவரிலேயே எழுதப்பட்டிருக்கட்டும். உணவு நன்றாக வெந்ததாகவும் புதிதாகச் சமைத்ததாகவும் இருக்க வேண்டும்; பச்சை முட்டை, வேகாத இறைச்சி, காய்ச்சாத பால் ஆகியவை கூடாது.

ஒரு குறியை மட்டும் தனியே நினைவில் வையுங்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்து வறட்டு இருமலும் நடக்கும்போது மூச்சு வாங்குவதும் தொடங்கினால், அது கார்முஸ்டின் நுரையீரலில் ஏற்படுத்தும் அழற்சியாக இருக்கலாம். விரைவில் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாக அடங்கும்; சளி என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் நிரந்தரச் சேதமாகலாம்.

சோர்வு மூன்று முதல் ஆறு மாதம் வரை நீடிப்பது இயல்பு. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவை உடல் பெரும்பாலும் இழந்திருக்கும் என்பதால் அவற்றை மீண்டும் போட வேண்டும். உயிரற்ற கிருமித் தடுப்பூசிகள் சில மாதங்களிலேயே தொடங்கும், தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். மூன்றாம் மாத அளவில் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு, மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு பிரென்டக்சிமாப் வெடோட்டின் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதும் உண்டு.

கொடையாளரின் செல் என்றால்

சொந்த செல் சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பியவர்களுக்கும், சில டி-செல் வகைகளுக்கும் கொடையாளரின் செல்களை நாடுகிறார்கள். இங்கே நிலைமை வேறு: புதிய செல்களிலிருந்து உருவாகும் எதிர்ப்பு மண்டலமே எஞ்சிய லிம்ஃபோமாவைத் தேடி அழிக்கிறது. அதே மண்டலம் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றையும் அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும் என்பதே இம்முறையின் பெரிய ஆபத்து. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் எச்எல்ஏ எனப்படும் திசு அடையாளம் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. யாரும் பொருந்தாவிட்டால் பதிவேட்டிலுள்ள கொடையாளரைத் தேடலாம். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரோ பிள்ளையோ கொடுக்கலாம். செல்களை ஏற்றிய மூன்றாம் நான்காம் நாட்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுக்கும் முறை வந்த பிறகு, பாதிப் பொருத்தம் பெரிய தடையாக இல்லை. முதல் 100 நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கும்படி கேட்பார்கள். தோலில் புதிய சிவப்புத் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் கண் ஆகிய எதைக் கண்டாலும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

எந்த முறையானாலும், மருத்துவமனையிலிருந்து புறப்படும்போது ஒரு முழுமையான சிகிச்சைச் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுத்த மருந்துகளும் அவற்றின் மொத்த அளவும், பெற்ற கதிர்வீச்சு இருந்தால் அதன் இடமும் அளவும், போட வேண்டிய தடுப்பூசிகளின் அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். இதயம், தைராய்டு, எலும்பு, நுரையீரல் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும், பிற்காலத்தில் மஜ்ஜையில் வேறொரு நோய் தோன்றுகிறதா என்று இரத்த எண்ணிக்கையைப் பார்க்கும் மருத்துவருக்கும் அந்தத் தாள் தேவைப்படும். ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு வாழ்நாள் முழுவதும் கதிர்வீச்சு செலுத்திய இரத்தமே ஏற்ற வேண்டும் என்று சில நாடுகளின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டு, பொருந்துமானால் ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவின்றி ஓர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் நாளில் உங்களுக்காகப் பேச அந்த அட்டைதான் இருக்கும்.